பொது நடைவழியில் வைத்த பொருட்களை அகற்றச் சொல்ல எனக்கு உரிமை உண்டா?

கேள்வி: நாங்கள் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது தளத்தில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். எதிர் வீட்டுக்காரர் தம் வாசலை ஒட்டிய காரிடாரில் செருப்பு அலமாரி, பழைய சோபா, மிதிவண்டி, அட்டைப்பெட்டிகள் எல்லாம் வைத்திருக்கிறார். இரவில் மின்ஸ்கூட்டரின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து அங்கேயே சார்ஜ் போடுகிறார். என் தாயார் வாக்கர் பிடித்து நடப்பவர். அந்த இடம் வரும்போதெல்லாம் வாக்கரைப் பக்கவாட்டில் திருப்பித்தான் கடக்கிறார். கேட்டால், "பத்து வருஷமா இங்கேதான் வெச்சிருக்கேன், மத்த ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒண்ணும் சொல்லலையே" என்கிறார். இது இரண்டு வீட்டாரின் விவகாரம் என்று சங்கம் ஒதுங்கிக்கொள்கிறது. அவற்றை நானே எடுத்துக் கீழே வைத்துவிடலாமா? எங்கள் வாசலிலும் ஒரு செருப்பு ஸ்டாண்டும் இரண்டு பூந்தொட்டிகளும் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: அகற்றச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, நீங்களே அகற்றும் உரிமை இல்லை. எதிர் வீட்டுக்காரருக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முன்பே உங்கள் ஸ்டாண்டையும் தொட்டிகளையும் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். நீங்கள் அதை மறைக்காமல் எழுதியதால்தான் இவ்வளவு நேராகச் சொல்கிறேன். நியாயம் கேட்டுப் போகிறவர் அதே தவறைச் செய்திருந்தால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், எதிர்த் தரப்பின் முதல் வாதம் அதுவாகவே இருக்கும்.

அந்த இடம் யாருடையது என்பதிலிருந்து தொடங்குவோம். உங்கள் கிரயப் பத்திரத்தில் வீட்டின் அளவோடு நிலத்தில் பிரிபடாத பாகமும் பொதுப் பகுதிகளைப் பயன்படுத்தும் உரிமையும் சொல்லப்பட்டிருக்கும். நடைவழியின் உடைமை சில நாடுகளில் எல்லா உரிமையாளர்களிடமும் கூட்டாக இருக்கும், சில நாடுகளில் சங்கத்திடமோ கட்டட உரிமையாளரிடமோ இருக்கும். ஆனால் வாசலுக்கு நேராக இருப்பதாலேயே அது யாருடைய தனிச் சொத்தும் ஆவதில்லை. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பொதுப் பகுதிகள் எவை என்று விளக்கும்போது, மாடிப்படிகள், லிஃப்ட், அவற்றின் முன்கூடங்கள், தீ விபத்தின்போது தப்பிக்கும் வழிகள், பொது நுழைவாயில்கள், வெளியேறும் வழிகள் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே சேர்க்கிறது. கூட்டுரிமை உள்ள இடத்தை ஒருவர் அதன் நோக்கத்துக்கு ஏற்பப் பயன்படுத்தலாமே ஒழிய, மற்றவர்களின் பயன்பாட்டைக் குறைக்கும் வகையில் தமதாக்கிக்கொள்ள முடியாது.

நடைவழியின் நோக்கம் நடப்பது மட்டுமன்று, தப்பிப்பதும்தான். 1911இல் நியூயார்க்கின் ட்ரையாங்கிள் தையல் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் இறந்தபோது, படிக்கட்டுக்குச் செல்லும் கதவுகளில் ஒன்று பூட்டியிருந்தது. வெளியேறும் வழி தனியாக ஒழுங்குபடுத்தப்பட வேண்டிய ஒன்று என்பதை அதன்பின் வந்த தீப்பாதுகாப்பு விதிகள் ஏற்றுக்கொண்டன. இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்பு ஆணை, வெளியேறும் வழிகளை எல்லா நேரமும் தடையின்றி வைத்திருக்கும் கடமையைப் பொறுப்பாளர் மீது சுமத்துகிறது. அடுக்குமாடிகளின் பொதுப் பகுதிகளுக்கும் அது பொருந்தும். சிங்கப்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், பொது நடைவழியில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்று அந்நாட்டில் தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படை கேட்கிறது. உங்கள் கட்டடத்துக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் காட்டித் தீயணைப்புத் துறையிடம் எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஒதுங்கி நடந்தால் போகலாமே" என்பவர்கள் புகையை மறந்துவிடுகிறார்கள். புகை முதலில் கூரையில் தேங்கி, பிறகு கீழே இறங்கும். விளக்கு எரிந்தாலும் தெரியாது. அந்த நேரத்தில் மனிதர்கள் குனிந்தோ தவழ்ந்தோ, ஒரு கையைச் சுவரில் வைத்தபடிதான் படிக்கட்டைத் தேடுவார்கள். சுவரோரமாகத்தானே வைத்திருக்கிறது என்று சொல்லப்படும் சோபா, அந்தக் கையைச் சுவரிலிருந்து பிரித்து நடுவழிக்குத் தள்ளிவிடும். சோபாவுக்குள் இருக்கும் பஞ்சு பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரை. அது எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வெளிவரும், இரண்டும் நச்சு வாயுக்கள். உங்கள் தாயாரைப் போன்றவர்களுக்கு இது இன்னும் கடுமையான நிலை, ஏனென்றால் அவரால் வாக்கரை விட்டுவிட்டு ஓட முடியாது.

இனி பத்து வருடக் கதைக்கு வருகிறேன், என்னிடம் வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒரு கூட்டுரிமையாளர் பொது இடத்தில் பொருள் வைத்திருப்பது, எவ்வளவு காலம் நீடித்தாலும், அதனாலேயே அந்த இடத்தை அவருடையதாக ஆக்காது. மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அவர்களை அறவே விலக்கி வைத்திருந்ததாக நிரூபித்தால்தான் எதிரிடை அனுபோகம், அதாவது நீண்டகாலம் தம் வசம் வைத்திருந்ததாலேயே இடம் தமதாகிவிட்டது என்ற வாதமே எழும். செருப்பு அலமாரியை வைத்து அதை நிரூபிக்க முடியாது. மற்ற இரு வீட்டாரின் மௌனத்துக்கும் மதிப்பில்லை. அவர்கள் எழுதிக் கையொப்பமிட்டுச் சம்மதித்திருந்தாலும், சங்கமே பொதுக்குழுவில் தீர்மானம் போட்டிருந்தாலும், தீப்பாதுகாப்பு விதியை அது தளர்த்தாது. காரணம், அந்த விதி நான்கு வீட்டாருக்காக மட்டும் இயற்றப்பட்டதன்று. அன்றைக்கு வந்திருக்கும் விருந்தினருக்காகவும், மூச்சுக்கருவி சுமந்து புகைக்குள் ஏறி வரும் தீயணைப்பு வீரருக்காகவும் இயற்றப்பட்டது.

செருப்பு ஸ்டாண்டு கூடவா குற்றம் என்று சிலர் கேட்பதுண்டு. இங்கிலாந்தில் இதற்கு இரண்டு அணுகுமுறைகள் உள்ளன: எதையுமே அனுமதிக்காத முறை ஒன்று, எரியாத சில பொருட்களை மட்டும் நிபந்தனையோடு அனுமதிக்கும் முறை மற்றொன்று. என் வாசகர்களுக்கு நான் முதலாவதையே பரிந்துரைப்பேன், ஏனென்றால் அனுமதித்த ஒரு தொட்டி அடுத்த வருடம் ஒரு அலமாரியாக வளர்ந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நீங்களே எடுத்துக் கீழே வைப்பது வேண்டாம். தவறான இடத்தில் இருந்தாலும் பொருள் அவருடையதே. ஒரு கால் உடைந்தாலோ ஒரு பெட்டி காணாமல் போனாலோ, இதுவரை புகார்தாரராக இருந்த நீங்கள் எதிர்தரப்பாகிவிடுவீர்கள். உண்மையிலேயே தீப்பிடித்த நேரத்தில் இழுத்துத் தள்ளுவது வேறு விஷயம். அதை எந்த நீதிமன்றமும் குறை சொல்லாது.

செய்ய வேண்டியது இது. ஓர் அளவு நாடாவை எடுத்து, நடைவழியின் முழு அகலத்தையும், பொருட்கள் போக மீதமுள்ள அகலத்தையும் அளந்து குறியுங்கள். தரையில் மட்டும் அளக்காமல் இடுப்பு உயரத்திலும் அளக்க வேண்டும். மிதிவண்டியின் சக்கரத்தைவிட அதன் ஹேண்டில்பார்தான் அதிகம் நீட்டிக்கொண்டிருக்கும். நாடா தெரியும்படி, ஒரே இடத்தில் நின்று, வெவ்வேறு நாட்களில் படம் எடுங்கள். அவை தற்செயலாக ஒருநாள் வைக்கப்பட்டவை அல்ல என்பதற்கு அதுவே சான்று. பிறகு அவருக்கும், அவர் வாடகைக்கு இருந்தால் வீட்டு உரிமையாளருக்கும், சங்கத்துக்கும் ஒரே கடிதத்தை, பெற்றுக்கொண்டதற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். பொதுப் பகுதிகளைப் பராமரிக்கும் கடமை துணைவிதிகளின்படி சங்கத்துக்கு இருக்கும். இரண்டு வீட்டாரின் விவகாரம் என்று அவர்கள் சொல்வது அந்தக் கடமையைத் தட்டிக்கழிப்பதாகும். எழுத்தில் அறிந்த பின்னும் சும்மா இருந்தால், விபத்து நேரும் நாளில் அந்தக் கடிதமே அவர்களுக்கு எதிரான ஆவணமாகும். பதில் இல்லையென்றால் தீயணைப்புத் துறையிடம் ஆய்வு கோரி மனு கொடுங்கள். அதற்கும் பலன் இல்லாதபோது, பொருட்களை அகற்ற உத்தரவிடும் செயலுறுத்துக் கட்டளையையும், மீண்டும் வைக்காமலிருக்க நிரந்தர உறுத்துக்கட்டளையையும் உரிமையியல் நீதிமன்றத்தில் சேர்த்தே கேட்கலாம்.

பேட்டரியை மட்டும் இந்த வரிசையில் காத்திருக்க விடாதீர்கள். லித்தியம் அயான் பேட்டரி பழுதாகிச் சூடேறத் தொடங்கினால், அந்தச் சூடே அடுத்த செல்லைச் சூடேற்றிக்கொண்டு போகும். பக்கத்திலேயே அட்டைப்பெட்டியும் சோபாவும் இருக்கின்றன, எல்லோரும் தூங்கும் நேரம் வேறு. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டம், பிரிவு 287இன் கீழ், தீயையோ எரியக்கூடிய பொருளையோ உயிருக்கு ஆபத்து நேரும்படி அலட்சியமாகக் கையாள்வதை ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. அதற்கு யாரும் இறந்திருக்க வேண்டும் என்பதில்லை. கடிதத்தில் சோபாவையும் பெட்டிகளையும் அகற்ற இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். பேட்டரியை அங்கே சார்ஜ் போடுவது அன்றிரவே நிற்க வேண்டும் என்று தனிப் பத்தியாக எழுதுங்கள்.