பைக்கில் கூட்டிப்போனவனும் திருடனா?

கேள்வி: கட்டி முடிக்காத ஒரு வீட்டில் 48,000 ரூபாய் காப்பர் ஒயர் திருடுபோனது. என் தம்பியின் நண்பன் பிடிபட்டான். ஒயரும் அவன் காட்டிய இடத்தில்தான் கிடைத்தது. அன்றிரவு அவனைப் பைக்கில் இறக்கிவிட்டு, டீக்கடையில் காத்திருந்து, மூட்டையோடு திரும்பக் கூட்டி வந்தது என் தம்பி. சிசிடிவியில் தெரிகிறான். "வேலை செய்த இடத்தில் என் சாமான் இருக்கிறது" என்றுதான் நண்பன் சொன்னானாம். மறுநாள் பெட்ரோலுக்கென்று ஜிபேயில் 500 ரூபாய் அனுப்பியிருக்கிறான். தம்பி ஜாமீனில் இருக்கிறான்; குற்றப்பத்திரிகை நகல் போன வாரம் கிடைத்தது. தண்டனை வருமா?
- ஓர் அண்ணன், திருப்பூர்

பதில்: தம்பி மேல் போட்டிருப்பது பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 303(2), அதாவது திருட்டு; அதோடு 3(5), அதாவது பலர் ஒரே எண்ணத்தோடு சேர்ந்து செய்த குற்றத்துக்கு ஒவ்வொருவரும் பொறுப்பு என்பது, ஆக இருக்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379, 34தான் இவை. வழக்கு முழுக்க அந்த 3(5)-இல் நிற்கிறது.

"வெளியேதானே நின்றான்" என்பதை மட்டும் நம்பாதீர்கள். வெளியே நின்றதாகச் சொன்னவரின் தண்டனையை பிரிவி கவுன்சில் (பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவுக்கான கடைசி மேல்முறையீட்டு மன்றம்) 1925-லேயே பரேந்திர குமார் கோஷ் வழக்கில் உறுதிசெய்தது. கேட்க வேண்டியது வேறு: உள்ளே திருட்டு நடக்கிறது என்று தம்பிக்குத் தெரியுமா, அதற்கு உடன்பட்டுத்தான் நின்றானா? இதை நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை. நேரடி சாட்சி இல்லையென்றால் சூழ்நிலைகள் அறுபடாத சங்கிலியாக வர வேண்டும், குற்றமற்றவன் என்று நினைக்க நியாயமான இடமே இருக்கக்கூடாது. சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் (1984) உச்ச நீதிமன்றம் சொன்னது இது. சிசிடிவி காட்டுவது தம்பி அங்கே இருந்ததை. அவன் மனதில் இருந்ததை அல்ல.

நண்பன் போலீசிடம் தம்பி பெயரைச் சொல்லியிருந்தால் அந்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது (புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம், பிரிவு 23). ஒயரைக் காட்டியதும் நண்பனைத்தான் கட்டும்.

எனக்குக் கவலை தருவது அந்த 500 ரூபாய். பங்கு என்பார்கள். ஒயர் விற்காமலே கைப்பற்றப்பட்டதென்றால் பங்கு எங்கிருந்து வந்தது என்று நம் வக்கீல் கேட்கலாம். முன்பும் பெட்ரோலுக்குப் பணம் போட்டிருக்கிறானா? பழைய ஜிபே கணக்கை எடுத்து வையுங்கள். அன்றைய வாட்ஸ்அப் பேச்சை அழிக்கவே கூடாது. அழித்தால் அதுவே சந்தேகத்துக்கு இன்னொரு கண்ணி ஆகிவிடும்.

நகல் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் விடுவிப்பு மனு, அதாவது விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்கும் மனு, போடலாம் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 262). அந்தக் கட்டத்தில் நீதிபதி போலீஸ் தந்த ஆவணங்களைத்தான் பார்ப்பார், ஜிபே விளக்கமெல்லாம் விசாரணையில்தான் எடுபடும். ஆகவே மனு தள்ளுபடியானால் மனம் தளராதீர்கள். இந்த வாரமே வக்கீலோடு உட்கார்ந்து, தம்பிக்குத் திருட்டு தெரியும் என்று சொல்லும் சாட்சி ஒருவராவது உண்டா என்று ஒவ்வொரு வாக்குமூலமாகப் படித்துப் பாருங்கள்.