தராசும் கையுறையும்: மேனி பாக்கியாவ் பற்றிக் கேட்டீர்கள்

பிலிப்பைன்ஸின் குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவ் பற்றி, ஹட்டன் பக்கம் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை பழக்கும் மாஸ்டரிடம் வந்த கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும்.

கொட்டகலைத் தம்பி: மாஸ்டர், எட்டு எடைப் பிரிவுல சாம்பியன்னு சொல்றாங்களே, கணக்குச் சரியா?

சரிதான் தம்பி. ஆனால் இரண்டு இடத்தில் சிலர் இழுப்பார்கள். 112 இறாத்தல் (1998), 122 (2001), 130, 135 (இரண்டும் 2008), 147 (2009), 154 (2010) ஆகிய ஆறிலும் பெரிய சங்கங்களின் பெல்ட் வாங்கினார். 126இல் பரேராவையும் 140இல் ரிக்கி ஹட்டனையும் அடித்தபோது அந்தப் பெரிய பெல்ட்கள் பந்தயத்தில் இல்லை. ஆனால் அந்தந்த எடையில் முதல் ஆள் என்று பேர் வாங்கியிருந்தவர்களைத்தான் அடித்தார். பெல்ட்டைவிட எனக்கு அது பெரிது.

தலவாக்கலையிலிருந்து: சாப்பாட்டுக்கே வழியில்லாம வளர்ந்தவராமே?

ஆமாம். 1978இல் பிறந்தவர், ஜெனரல் சாண்டோஸ் நகரத்தில் வறுமையில் வளர்ந்து, மீசை முளைக்கும் முன்பே வீட்டை விட்டு மணிலாவுக்குப் போனவர். 1995 ஜனவரியில் முதல் தொழில்முறைச் சண்டை, வயது 16. எடை போதாது என்று பொக்கெட்டில் பாரம் போட்டுக்கொண்டு தராசில் ஏறியதாக அவரே பின்னாளில் சொன்னார். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது ஈரம், சாக்கு என்று கிலோவைக் கழிப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். இந்தப் பையன் அதற்குத் தலைகீழாகக் கிலோவைக் கூட்டியிருக்கிறான்!

அதே தராசு 1999 செப்டெம்பரில் அவரைக் கவிழ்த்தது. உடம்பு வளர்ந்துவிட்டது, 112க்கு இறங்கவில்லை. பட்டம் தராசிலேயே போனது. வற்றிய உடம்போடு ஏறிய சண்டையிலும் மூன்றாம் சுற்றில் விழுந்தார். அதற்குப் பிறகு செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். 115, 118 என்று படிப்படியாகப் போகாமல் நேரே 122க்குத் தாவினார். 2001இல் லாஸ் வேகாஸில் அப்போதைய சாம்பியன் லெட்வாபாவோடு சண்டை போட இரண்டு வாரம் முன்புதான் அழைப்பு வந்தது. போனார், வென்றார்.

பண்டாரவளைத் தங்கச்சி: என் தம்பி இடது கைக்காரன். பழக்குறவர் கையை மாத்தச் சொல்றார். மாத்தலாமா, சேர்?

மாற்றவே வேண்டாம் தங்கச்சி. இடது கைக்காரன் வலது காலை முன்னே வைத்து நிற்பான். எதிராளிக்கு அடி வரும் திசையே புதிதாக இருக்கும். அந்த முன்கால் எதிராளியின் முன்காலுக்கு வெளிப்பக்கம் இருக்கவேண்டும், அவ்வளவுதான். பாக்கியாவின் ஆயுதமே அந்த இடது கை. ஆனால் ஒரே கையை நம்பினால் என்ன ஆகும் என்பதை 2005இல் மெக்சிகோவின் மொராலஸ் காட்டினார். மூன்று நடுவர்களும் 115-113 என்று மொராலஸுக்கே கொடுத்தார்கள். பிறகு பயிற்றுநர் ஃப்ரெடி ரோச் வலது கையையும் வேலைக்குக் கொண்டுவந்தார். 2006இல் அதே மொராலஸ் ஒருமுறை பத்தாவது சுற்றிலும் மறுமுறை மூன்றாவது சுற்றிலும் தோற்றார். தம்பிக்கு இடது கை இருக்கட்டும், வலது கையைப் பழக்கச் சொல்லுங்கள்.

நானுஓயாவிலிருந்து: நம்ம பனியில ஓடுறதுல ஏதும் லாபம் இருக்கா?

இருக்கிறது. பாக்கியாவே கோட்டோ, மார்கரிட்டோ சண்டைகளுக்கு முன் பாகியோ என்ற மலை நகரத்தில் பயிற்சி எடுத்தார். அது ஏறக்குறைய 1,500 மீற்றர் உயரம். நுவரெலியா அதைவிட உயரம், 1,800க்கு மேல். ஆனால் ஓட்டம் மூச்சைத்தான் தரும், குத்தைத் தராது. பாகியோவில் ஓடி முடித்து ஹொலிவூட்டில் ரோச்சின் ஜிம்முக்குத்தான் போனார்.

பதுளையிலிருந்து ஓர் அம்மா: மகனுக்கு 15 வயசு. போட்டிக்கு ஒரு பிரிவு கீழ இறங்கணும்னு ராத்திரிச் சாப்பாட்டை நிப்பாட்டிட்டாங்க. சரியா மாஸ்டர்?

இல்லை அம்மா. இன்றைக்கே சாப்பாடு போடுங்கள். பட்டினி போட்டு, இரண்டு ஸ்வெட்டர் மாட்டி, தண்ணீர் கொடுக்காமல் ஓட வைப்பதை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிக் குறைவது பெரும்பாலும் தண்ணீர்தான். தண்ணீர் வற்றிய உடம்போடு தலையில் அடி வாங்குவது மூளைக்கு ஆபத்து. வளரும் பிள்ளைக்கு அது இன்னும் மோசம்.

2008 டிசெம்பரில் ஒஸ்கார் டி லா ஹோயா பாக்கியாவோடு மோதுவதற்காகப் பல வருடத்துக்குப் பிறகு 147க்கு இறங்கினார். தராசில் 145தான் இருந்தார். பெரிய ஆள், உயரமான ஆள். சண்டையில் கை எழும்பவில்லை. எட்டாவது சுற்று முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழும்பவே இல்லை. இன்னொரு பக்கம் 2010இல் மார்கரிட்டோ. இருவரும் ஒப்புக்கொண்ட எடை எல்லை 150. பாக்கியாவ் 144.6 இறாத்தலோடு தராசில் ஏறினார். சண்டை இரவில் அவர் 148, மார்கரிட்டோ 165. பதினேழு இறாத்தல் வித்தியாசம்! பன்னிரண்டு சுற்றும் மார்கரிட்டோவின் முகத்தைப் பிய்த்து எடுத்தார். வயிறு நிறையச் சாப்பிட்டு வேகத்தோடு வந்தவருக்கும், வற்ற வைத்து வந்தவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மகனை மேல் பிரிவில் விடுங்கள். தோற்றாலும் பரவாயில்லை.

மாத்தளை அண்ணன்: மார்க்கேஸ் அடிச்ச அந்த அடி... எப்படிப்பா அவ்வளவு பெரிய ஆள் ஏமாந்தார்?

அதை நான் பிள்ளைகளுக்கு மெதுவாக ஓட்டிக் காட்டுவதுண்டு அண்ணே. 2012 டிசெம்பர் 8, மெக்சிகோவின் மார்க்கேஸோடு நான்காவது சந்திப்பு. மூன்றாம் சுற்றில் பாக்கியாவ் விழுந்தார், ஐந்தில் மார்க்கேஸ் விழுந்தார். ஐந்து சுற்று முடிவில் மூன்று நடுவர்களிடமும் பாக்கியாவ் 47-46 முன்னிலை. ஆறாவது சுற்று முடிய ஒரு நொடி இருக்கும்போது மார்க்கேஸின் முதுகு கயிற்றுப் பக்கம். பாக்கியாவ் வலது கையை நீட்டிக்கொண்டு உள்ளே பாய்கிறார். மார்க்கேஸ் விலகவில்லை, எடையைப் பின்காலில் வாங்கி வலது கையை நேரே விட்டார். பாய்ந்த வேகமும் அடியின் வேகமும் தாடையில் சேர்ந்தன. பாக்கியாவ் முகம் குப்புற விழுந்தார். முன்னிலையில் இருப்பவனுக்குக் கடைசி நொடியில் அந்தப் பாய்ச்சல் தேவையே இல்லை.

இவர்களது முதல் சண்டை (2004) இன்னும் வேடிக்கை. முதல் சுற்றிலேயே மார்க்கேஸ் மூன்று முறை விழுந்தார். சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9, விழுந்த ஒவ்வொரு முறைக்கும் இன்னும் ஒன்று குறையும். ஒரு நடுவர் அதற்கு 10-6 போடுவதற்குப் பதில் 10-7 போட்டுவிட்டார், பிறகு தவறை ஒப்புக்கொண்டார். அந்த ஒரு புள்ளியால் சண்டை சமநிலை!

ராகலையிலிருந்து: மேவெதருடன் தோற்றது தோள் வலியாலயா?

தோளில் காயம் உண்மை, பிறகு சத்திரசிகிச்சையும் நடந்தது. ஆனால் மூன்று நடுவர்களும் போட்ட 118-110, 116-112, 116-112 என்ற கணக்கைத் தோள் மட்டும் உண்டாக்காது. மேவெதர் தூரத்தைக் கையில் வைத்திருந்தார்.

கண்டி மாணவன்: நம்ம நாட்டுல யாரும் இல்லையா சேர்?

தொழில்முறையில் சொல்ல ஒன்றும் இல்லை. பாடசாலை, இராணுவம், மூன்று சுற்று, அவ்வளவுதான் நம் பாதை. 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் (இன்றைய பொதுநலவாயப் போட்டி) பார்னி ஹென்ரிகஸ் தங்கம் வாங்கினார். 2010 டெல்லி பொதுநலவாயப் போட்டியில் மஞ்சு வன்னியாரச்சி வாங்கிய தங்கம் ஊக்கமருந்துச் சோதனையில் பறிபோனது.

கொட்டகலைத் தம்பி, மறுபடியும்: முதல்ல எந்தச் சண்டையைப் பார்க்கட்டும் மாஸ்டர்?

2009 நவம்பர், கோட்டோ. சத்தத்தை நிறுத்திவிட்டுக் கால்களை மட்டும் பார். கோட்டோ மூன்றிலும் நான்கிலும் விழுவார். இரண்டு முறையும் பாக்கியாவின் கால் எங்கே இருந்தது என்று எழுதிக்கொண்டு வா, சனிக்கிழமை பேசுவோம்.