மூன்று ரூபாய் வட்டியும் ஒரு ரகசியமும்

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 42,000. என் மனைவிக்கு வயது 53. 2018-இல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடித்துக் குணமானார். போன வருடம் ஓயாத அசதி என்று பார்த்தபோது எம்.டி.எஸ்., அதாவது எலும்பு மஜ்ஜை சரியான இரத்த அணுக்களை உருவாக்காத நோய் என்றார்கள். முந்தைய கீமோவின் பின்விளைவு என்று அறிக்கையிலேயே எழுதியிருக்கிறது. அசாசிடிடின் ஊசி போடுகிறோம், ஒரு சுற்றுக்கு 45,000 ஆகிறது. அடுத்து எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு 18 லட்சம் என்று மதிப்பீட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். இதுவரையான செலவுக்குத் தெரிந்த ஃபைனான்ஸ்காரரிடம் 6 லட்சம், மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியிருக்கிறேன். சின்ன மகளின் கல்யாணத்துக்காக 9 லட்சம் வைப்பு நிதியும் 40 பவுனும் இருக்கின்றன. அவற்றைத் தொட மனமில்லை. வரன் பார்க்கும் நேரம் என்பதால் மனைவியின் அக்கா, இரண்டு தம்பிகளுக்குக்கூட 'இரத்தம் குறைச்சல்' என்றுதான் சொல்லியிருக்கிறோம். மகனுக்கு பெங்களூரில் வேலை. மூத்த மகள் ஆறு மாத கர்ப்பிணி. பிரசவத்தின்போது தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்தால் பாட்டிக்கு உதவும், 75,000 கட்டுங்கள் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். இன்னொருவர் கேன்சர் பாலிசி எடுக்கச் சொல்கிறார். இன்னும் 10 லட்சம் கடனாகப் புரட்ட வேண்டும். குறைந்த வட்டிக்கு எங்கே கிடைக்கும்?

பதில்: ஐயா, ஒரு புற்றுநோயைத் தாண்டி வந்த வீட்டுக்கு மருத்துவச் செலவைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி அனுப்பியிருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது. புதுக் கடன் எங்கே கிடைக்கும் என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பழைய கடனைப் பேசுவோம்.

மூன்று ரூபாய் வட்டி என்பது சொல்லும்போது காதுக்குச் சின்னதாகத்தான் இருக்கிறது. வருடத்துக்கு 36 சதவீதம். 6 லட்சத்துக்கு மாதம் 18,000 ரூபாய். பத்து மாதத்தில் 1,80,000 கொடுத்துவிட்டீர்கள், அசல் அப்படியே நிற்கிறது. அதே பத்து மாதமும் உங்கள் 9 லட்சம் வங்கியில் 7 சதவீதத்துக்குத் தூங்குகிறது. மாதத்துக்குச் சுமார் 5,250 ரூபாய், வரி போக இன்னும் கொஞ்சம் குறையும். ஒரு கையால் ஐந்தாயிரம் வாங்கி மறு கையால் பதினெட்டாயிரம் கொடுக்கிறீர்கள். ஊரார் கணக்கையெல்லாம் சரிபார்க்கிற உங்களுக்கு இது தெரியாமல் இல்லை. 'கல்யாணப் பணம்' என்று பெயர் வைத்துவிட்டதால் அது கணக்கில் வராமல் போய்விட்டது.

இந்த வாரமே வைப்பு நிதியில் 6 லட்சத்தை உடைத்து அந்தக் கடனை அடையுங்கள். முன்கூட்டி எடுப்பதற்கு வங்கி வட்டியில் அரை அல்லது ஒரு சதவீதம் பிடிக்கும், சில ஆயிரம் போகும். அது ஒரு தடவை. பதினெட்டாயிரம் மாதாமாதம். அடைத்ததும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோ நோட்டையும் வெற்றுக் காசோலைகளையும் திருப்பி வாங்காமல் அந்தப் படியை விட்டு இறங்காதீர்கள். இழுத்தடித்தால், தமிழ்நாட்டில் 2003-இலிருந்தே அதீத வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது என்பதை நினைவுபடுத்துங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

ஏன் மூன்று ரூபாய் வட்டிக்குப் போனீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வங்கியில் நகையை வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள், மைத்துனர்களிடம் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். ஃபைனான்ஸ்காரர் காரணம் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குத்தான் மாதம் பதினெட்டாயிரம் வாங்குகிறார்.

இந்த ரகசியத்துக்கு வட்டியைவிடப் பெரிய விலை ஒன்று இருக்கிறது. மஜ்ஜை மாற்றுக்குக் கொடையாளர் வேண்டும். உடன்பிறந்த ஒவ்வொருவரும் முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. மூன்று பேரும் பொருந்தாமல் போக முக்கால் பெருக்கல் முக்கால் பெருக்கல் முக்கால், அதாவது நூற்றுக்கு 42. திருப்பிப் பார்த்தால் ஒருவராவது பொருந்த நூற்றுக்கு 58. பாதிக்கு மேல் வாய்ப்புள்ள மூன்று பேரிடம் 'இரத்தம் குறைச்சல்' என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள்!

அவர்கள் பொருந்தாவிட்டால் வெளியே தேட வேண்டும். சென்னையில் 2009-இல் தொடங்கிய தாத்ரி போன்ற கொடையாளர் பதிவேடுகள் இருக்கின்றன. அங்கே ஆள் கிடைத்தாலும் உயிரணுக்களைச் சேகரித்துக் கொண்டுவரும் செலவு தனி, வெளிநாட்டுக் கொடையாளர் என்றால் பல லட்சம் கூடும். இல்லையென்றால் பாதி பொருந்துபவரின் மஜ்ஜையையே மாற்றுவது. பெற்ற பிள்ளைகள் எல்லோருமே தாய்க்குப் பாதி பொருந்துவார்கள். மூத்தவர் கர்ப்பிணி, அவரை விட்டுவிடுங்கள். மகன் இருக்கிறார், சின்ன மகள் இருக்கிறார். யாருடைய கல்யாணத்துக்காக மறைக்கிறீர்களோ அந்தப் பெண்ணே அம்மாவுக்குக் கொடையாளர் ஆகலாம். அவரிடம் முழு விவரமும் சொன்னீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

வரன் தட்டிப்போகும் என்ற பயத்தை நான் கேலி செய்யவில்லை, நம் ஊரை நானும் அறிவேன். ஆனால் இந்த இரத்த நோய் கீமோ மருந்தால் வந்தது என்று மருத்துவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். கேட்பவர்களுக்கு அந்த வரியைக் காட்டலாம். அப்புறம் ஒரு எச்சரிக்கை. விஷயம் தெரிந்ததும் சொந்தக்காரர்கள் பாசத்தில் 'என் இரத்தத்தை ஏற்றுங்கள்' என்று வருவார்கள். மஜ்ஜை கொடுக்க வாய்ப்புள்ள நெருங்கிய இரத்த உறவினரின் இரத்தத்தை முன்கூட்டியே ஏற்றுவதைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். பிறகு மாற்றும் மஜ்ஜையை உடல் ஏற்காமல் போகலாம் என்பதால்தான். மருத்துவரைக் கேட்காமல் யாரையும் இரத்த வங்கிக்கு அனுப்பாதீர்கள்.

சரி, தொப்புள்கொடி. ஏஜென்ட்டின் கதை உருக்கமாகத்தான் இருக்கிறது, பேரப்பிள்ளை பாட்டியைக் காப்பாற்றுகிறது. ஒரு கொடியில் கிடைக்கும் உயிரணுக்கள் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் போதாது. பேரப்பிள்ளை பாட்டிக்குப் பொருந்துவதும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பாதிப் பொருத்தமுள்ள பிள்ளைகள் கண்ணெதிரே இருக்கும்போது இதற்கு வேலையே இல்லை. எதிர்காலத்தில் குழந்தைக்கே பயன்படும் என்று பேச்சை மாற்றுவார். அப்படிச் சேமித்து வைப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே சொல்லியிருக்கிறது. 75,000 ரூபாய் உங்களுக்கு ஒன்றரைச் சுற்று ஊசி. கேன்சர் பாலிசியும் அப்படித்தான். உண்மையைச் சொன்னால் கொடுக்க மாட்டார்கள், மறைத்து எடுத்தால் பணம் கேட்கும் நாளில் தர மாட்டார்கள். ஏஜென்ட்டுக்கு மட்டும் கமிஷன் வந்துவிடும்.

உண்மையான காப்பீடு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மகனின் அலுவலகக் குழுக் காப்பீட்டில் பெற்றோருக்கு 5 லட்சம் உண்டு என்று போகிற போக்கில் எழுதிவிட்டு, 'பழைய நோய்க்குக் கிடைக்காது அல்லவா' என்று நீங்களே முடித்துவிட்டீர்கள். தனிநபர் பாலிசிகளில்தான் பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம். குழுக் காப்பீடுகள் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே தருகின்றன. இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றை விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஆணையம் 2019-இலேயே விதி வகுத்தது. ஆனால் உள்வரம்பு, அதாவது அந்தச் சிகிச்சைக்கு மட்டும் தனி உச்சத் தொகை, வைக்கலாம், அதனால் மூன்று கேள்விகளை மகன் எழுத்துமூலம் கேட்கட்டும்: மஜ்ஜை மாற்றுக்கு உள்வரம்பு எவ்வளவு, கொடையாளரின் செலவு சேருமா, அசாசிடிடின் ஊசி பகல்நேரச் சிகிச்சையாக (இரவு தங்காமல் முடிவது) ஏற்கப்படுமா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், இதுவரை கைக்காசு போட்ட ஊசிகளில் எவற்றுக்கு இன்னும் கோர முடியும் என்று உடனே பாருங்கள். கோருவதற்குக் கெடு உண்டு.

முதலமைச்சர் காப்பீட்டுக்கு வருமானச் சான்றைக் 'கொஞ்சம் குறைத்து' வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும் என்பது விதி, நீங்கள் நான்கு மடங்கு மேலே இருக்கிறீர்கள். பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவமனையின் மதிப்பீட்டோடு சிகிச்சைக்கு முன்பே போக வேண்டும். அதை வரவாக மட்டும் எழுதாதீர்கள், வந்தால் சந்தோஷம். வருமான வரிக் கழிவுக்காகத் தலையை உடைக்க வேண்டாம். உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது.

இப்போது தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். மாற்றுச் சிகிச்சை 18 லட்சம். அதுவரை இன்னும் மூன்று நான்கு சுற்று ஊசி, 1.8 லட்சம். பிறகு சுமார் நூறு நாள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்க வேண்டியிருக்கும். தொற்று வந்தால் மறுபடி சேர்க்க வேண்டும், எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள் மாதக்கணக்கில் போகும். இதற்கு 5 லட்சமாவது ஒதுக்குவேன். மதிப்பீட்டுத் தொகையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனவர்கள் இரண்டாவது மாதத்தில் கந்துவட்டிக்கு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். ஆக ஏறக்குறைய 25 லட்சம்.

வரவு: காப்பீடு 5 லட்சம். வைப்பு நிதியில் மிச்சம் 3. வருங்கால வைப்பு நிதியில் உங்கள் கணக்கிலிருந்து எடுக்க முடியும் என்று எழுதிய 4 லட்சத்தை நோய்க்கான முன்பணமாக எடுக்கப் பாருங்கள், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. மாதம் பத்தாயிரம் கட்டும் 5 லட்சச் சீட்டை இன்னும் எடுக்கவில்லை என்கிறீர்கள். ஏலத்தில் தள்ளுபடி விட்டு எடுத்தால் 4 லட்சம் வரும். நகையில் 15 பவுனை மட்டும் வங்கியில் வையுங்கள். பவுனுக்கு 60,000 என்று அடக்கமாகப் போட்டாலும் 9 லட்சம். எல்லாம் சேர்ந்து 25. வெளிக்கடன் பத்து லட்சம் தேவையே இல்லை, 25 பவுன் பெட்டியிலேயே இருக்கிறது.

மாதக் கணக்கையும் பாருங்கள். இப்போது வட்டி 18,000, சீட்டு 10,000, ஆக 28,000 போகிறது. இனி நகைக்கடன் வட்டி 10 சதவீதம் என்றால் 7,500, சீட்டு 10,000, மொத்தம் 17,500. மகன் மாதம் ஐயாயிரம் தருகிறேன் என்றதை ஏன் மறுத்தீர்கள் என்று தெரியவில்லை. வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் புரட்டுவதற்கு முன் ஒரு கடினமான கேள்வியை மருத்துவரிடம் நேராகக் கேட்க வேண்டும். இதே நிலையில் உள்ள நூறு பேரில் எத்தனை பேர் மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு மூன்று வருடம் நன்றாக இருக்கிறார்கள்? கீமோவால் வரும் எம்.டி.எஸ். சாதாரண வகையைவிடக் கடுமையானது, மரபணுப் பரிசோதனை முடிவைப் பொறுத்துப் பதில் பெரிதாக மாறும். நிரந்தரக் குணத்துக்கு இதைத் தவிர வேறு வழி இல்லை என்பதும் உண்மைதான். அந்தப் பதிலை உங்கள் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும், முடிவு அவருடையது. செலவு எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். 2018-இல் எல்லாவற்றையும் தாங்கியவரிடம் இதைச் சொல்லலாம்.

சிங்கப்பூரில் இருக்கும் சின்ன மைத்துனர் அடுத்த மாதம் பத்து நாள் ஊருக்கு வருகிறார் அல்லவா, அதற்குள் மனைவியின் அக்காவிடமும் பெரிய மைத்துனரிடமும் பேசிவிடுங்கள். மூவருக்கும் உங்கள் மகனுக்கும் சின்ன மகளுக்கும் பொருத்தப் பரிசோதனைக்கு ஒரே நாளில் நேரம் வாங்கலாம். மதிப்பீட்டுக் கடிதத்தின் முதல் பக்கம் மட்டும்தான் எனக்கு வந்திருக்கிறது. இந்தத் தொகையில் எவையெல்லாம் சேராது என்ற பட்டியல் இரண்டாவது பக்கத்தில் இருக்கும். அதை அனுப்புங்கள், பிந்தைய செலவுக்கு ஒதுக்கிய 5 லட்சம் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.