ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே லைசன்ஸ் வேலையைத் தொடங்குங்கள், தம்பி

மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்து, அமெரிக்காவில் ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, ஜூலையில் ஹூஸ்டனில் ரெசிடென்சி சேர்கிறேன். இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ் கையில் இருக்கிறது. லைசன்ஸுக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டுமா?"

கட்டாயம் செய்ய வேண்டும், தம்பி. இ.சி.எஃப்.எம்.ஜி. என்பது வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களின் தகுதியைச் சரிபார்க்கும் அமைப்பு. அதன் சான்றிதழ் ரெசிடென்சியில் சேர வழிவிடும், ஆனால் அதுவே லைசன்ஸ் ஆகாது. மருத்துவம் பார்க்க அனுமதி தருவது அந்தந்த மாநிலத்தின் மருத்துவ வாரியம். ஹூஸ்டன் இருக்கும் டெக்சாஸில் ரெசிடென்சி காலத்துக்குப் பயிற்சி பெர்மிட் உண்டு. அதற்கு உங்கள் புரோகிராம் ஆபீஸே வழிகாட்டும். முழு லைசன்ஸுக்கு, வெளிநாட்டில் படித்த நமக்குக் குறைந்தது 2 வருடப் பயிற்சி, அமெரிக்க மருத்துவ லைசன்ஸ் தேர்வின் கடைசிப் படியான ஸ்டெப் 3, மாநிலச் சட்டம் பற்றிய ஜே.பி. தேர்வில் 75 மதிப்பெண் வேண்டும். தேர்வுகளை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். ஆளை அலைய வைப்பது காகிதங்கள்தான்.

நம் ஊர்போல கெசட்டட் ஆபீசர் கையெழுத்துப் போட்ட நகல் இங்கே செல்லாது. மதிப்பெண் பட்டியல், பட்டம் எல்லாவற்றையும் கல்லூரியும் பல்கலைக்கழகமும் நேரடியாக உறுதிசெய்ய வேண்டும். என் பட்டத்தில் பெயருக்கு முன் இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே இரண்டு மாதம் போனது. வேலை ஒப்பந்தம் கையெழுத்தாகியும் லைசன்ஸ் வராமல் சம்பளமின்றி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது.

இன்னொன்று, மருத்துவப் படிப்பு முடிந்த நாளிலிருந்து எங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொரு மாதத்துக்கும் வாரியம் கணக்குக் கேட்கும். சி.ஆர்.ஆர்.ஐ. என்னும் ஹவுஸ் சர்ஜன் பயிற்சியை முடித்து வீட்டில் இருந்து ஸ்டெப் தேர்வுகளுக்குப் படித்தீர்களா? அதை அப்படியே எழுதுங்கள், தப்பே இல்லை. மறைத்தால்தான் ஆபத்து.

எஃப்.சி.வி.எஸ். என்ற, மருத்துவர்களின் சான்றுகளைச் சரிபார்த்துப் பாதுகாக்கும் அமெரிக்கச் சேவையில் ஆவணங்களை ஒருமுறை சரிபார்த்து வைத்துவிட்டால் அடுத்த மாநிலத்துக்குப் போகும்போதும் உதவும். செலவுதான், ஆனாலும் செய்யுங்கள் என்பேன்.

லைசன்ஸ் வந்த பிறகு அதைக் காப்பாற்றுவதும் நம் பொறுப்பு. சி.எம்.இ., அதாவது டாக்டர்கள் தொடர்ந்து படித்துக் காட்ட வேண்டிய தொடர்கல்விக் கணக்கு, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் 2 வருடத்துக்கு 48 கிரெடிட், நியூ ஜெர்சியில் 100, மிச்சிகனில் 3 வருடத்துக்கு 150 மணி நேரம். சான்றிதழ் கிடைத்த அன்றே ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். தணிக்கை வந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளை எழுதித் தருவதற்கான டி.இ.ஏ. பதிவு வேறு கணக்கு, 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வீடு மாறினால் புது முகவரியை வாரியத்துக்கு உடனே தெரிவியுங்கள்.

சரி, இப்போது ஒரு வேலை. விமானம் ஏறும் முன் இரண்டு நாள் ஒதுக்கி, கல்லூரி அலுவலகத்துக்கும் சென்னை கிண்டியில் இருக்கும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும் நேரில் போங்கள். வெளிநாட்டுச் சரிபார்ப்பைக் கவனிக்கும் பிரிவு எது, அவர்கள் மின்னஞ்சல் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பாஸ்போர்ட்டையும் பட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஊரில் இருக்கும்போதே சரிசெய்துவிடுங்கள்.