அடுக்களை டைல்ஸ்: 40 ரூபாய் சரியா, 22,000 ரூபாய் சரியா?

கேள்வி: குமரி மாவட்டம் தக்கலை பக்கம் எங்கள் வீடு. அடுக்களை 10 அடிக்கு 8 அடி, ‘எல்’ வடிவ மேடை. மேடைக்கு மேலே லிண்டல் (ஜன்னல், கதவுக்கு மேல் ஓடும் கான்கிரீட் பட்டை) வரை இருக்கும் பழைய டைல்ஸை மாற்ற வேண்டும். ஒரு கொத்தனார் சதுர அடிக்கு 40 ரூபாய் கூலி கேட்கிறார். இன்னொருவர் பொருளும் கூலியும் சேர்த்து மொத்தமாக 22,000 என்கிறார். மூன்றாமவர், உடைக்கவே வேண்டாம், பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டலாம் என்கிறார். கடையில் பிடித்த டைல்ஸ் சதுர அடி 55 ரூபாய். யாரை நம்புவது?

பதில்: மூன்று பேரும் சொல்வது மூன்று வேறு வேலைகள். முதலாமவர் ஒட்டும் கூலியை மட்டும் சொல்கிறார். இரண்டாமவர் உடைப்பது முதல் டைல்ஸ்களுக்கு இடையிலுள்ள இணைப்பு அடைப்பது வரை எல்லாவற்றையும் சேர்த்திருக்கலாம், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாமவர் பாதி வேலையையே விட்டுவிடுகிறார். அதனால் முதலில் அளவை எடுத்துவிடுவோம்.

மேடை ஓடும் சுவர் 10 அடியும் 8 அடியும் சேர்ந்து 18 அடி. மேடையின் மேல்மட்டம் தரையிலிருந்து 2 அடி 9 அங்குலம், லிண்டல் 7 அடி என்றால் உயரம் நாலேகால் அடி. 18ஐ 4.25ஆல் பெருக்கினால் 76.5 சதுர அடி. 4 அடிக்கு மூன்றரை அடி ஜன்னல் ஒன்று இருந்தால் 14 சதுர அடி கழியும். ஆனால் ஜன்னலின் உள்பக்க ஓரங்களுக்கும் கீழ்ப்படிக்கும் அரை அடி ஆழத்தில் ஏறக்குறைய ஐந்தரை சதுர அடி திரும்ப வரும். ஆக 68 சதுர அடி. வெட்டுக் கழிவுக்குப் பத்து சதவீதம் சேர்த்து 75 சதுர அடி வாங்க வேண்டும்.

12க்கு 24 அங்குல டைல்ஸில், பெட்டிக்கு 5 என்றால், ஒரு பெட்டி 9.69 சதுர அடி. உங்களுக்கு 8 பெட்டி தேவை. 12க்கு 18 என்றால் 9 பெட்டி. இங்கே ஒரு சின்ன ஏமாற்றம் உண்டு. 12க்கு 18 என்று சொல்லும் டைல்ஸின் உண்மை அளவு 300க்கு 450 மி.மீ.; ஆறு டைல்ஸ் உள்ள பெட்டி 8.72 சதுர அடிதான். பில்லில் பெட்டிக்கு 9 சதுர அடி என்று போட்டால் 9 பெட்டியில் இரண்டரை சதுர அடிக்கு வீண் பணம் கொடுப்பீர்கள். பெட்டியின் பக்கத்தில் சதுர மீட்டர் அச்சிட்டிருக்கும், அதை 10.76ஆல் பெருக்கிப் பாருங்கள். 55 ரூபாயில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்குமா என்றும் கேளுங்கள். அடங்காவிட்டால் 8 பெட்டிக்கு 4,260 ரூபாய் என்பது 5,030 ஆகிவிடும்.

இப்போது அந்த 40 ரூபாய். 68 சதுர அடிக்குக் கூலி 2,720 ரூபாய். ஒரு கொத்தனாரும் ஒரு கையாளும் மட்டம் பார்த்து, சுவிட்ச் பெட்டிக்கும் குழாய்க்கும் ஓட்டை வெட்டி, ஜன்னல் ஓரம் திருப்பி, இணைப்பு அடைத்து முடிக்க இரண்டு முதல் மூன்று நாள் ஆகும். அந்தத் தொகையில் அவர்களுக்குக் கட்டுபடி ஆகாது. ஒன்று வேலையை அவசரமாக முடிப்பார்கள், இல்லையென்றால் உடைக்கத் தனி, பூசத் தனி, மூலை சாய்த்து வெட்டத் தனி என்று பாதியில் கேட்பார்கள். சதுர அடிக் கூலி முழு வீட்டுக்குப் பொருந்தும். ஒற்றை அடுக்களைக்கு நாள்கூலியோ எழுதி வாங்கிய மொத்தத் தொகையோதான் நியாயமாக இருக்கும்.

மொத்தத்தையும் போட்டுப் பார்ப்போம். கொத்தனாருக்கும் கையாளுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 2,100 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் நிலவரத்தை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். உடைக்க ஒரு நாள், திரும்பப் பூச ஒரு நாள், ஒட்டவும் இணைப்பு அடைக்கவும் இரண்டு நாள்: 8,400. டைல்ஸ் 5,030. பூச்சுக்குச் சிமெண்டும் எம்-சாண்டும் 1,500. ஒட்டும் பசை 20 கிலோ மூட்டை இரண்டு, 1,200. இணைப்பு அடைக்கும் எபாக்சி என்ற பிசின் கலவை 2 கிலோ, 1,000. ஸ்பேசர், ஓரப் பட்டை போன்றவை 500, உடைத்த கழிவை அள்ள 1,000. கூட்டினால் 18,600 பக்கம் வருகிறது. எனவே உடைப்பது, பூச்சு, எபாக்சி, கழிவு எல்லாம் அடங்கும் என்றால் 22,000 அநியாயமில்லை. பழைய பூச்சின் மேலேயே ஒட்டி, சாதாரண வெள்ளைச் சிமெண்டால் இணைப்பு அடைப்பதற்கு அந்தத் தொகை என்றால் மிக அதிகம்.

செலவைக் குறைக்க நல்ல வழி வேறு இருக்கிறது. மேலே அலமாரி வரப்போகிறதா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். வருமென்றால் மேடைக்கு மேல் 2 அடி ஒட்டினால் போதும். 12க்கு 24 டைல்ஸ் 4 பெட்டியில் முடியும். அலமாரிக்குப் பின்னால் ஒட்டும் டைல்ஸை யாரும் பார்க்கப்போவதில்லை. லிண்டல் வரைதான் வேண்டுமென்றால், நாலேகால் அடியில் படுக்கை வாட்டில் நாலு முழு வரிசை போக மூன்றரை அங்குலத் துண்டு ஒன்று மிஞ்சும். அந்தத் துண்டு மேலே போகட்டும், மேடையை ஒட்டி வர வேண்டாம்.

பழைய டைல்ஸ் மேல் ஒட்டலாமா? ஒட்டலாம், நிபந்தனையோடு. சுத்தியல் பிடியால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டுங்கள். ‘டக்’கென்று கெட்டியாகக் கேட்டால் பிடிப்பு இருக்கிறது, ‘டொக் டொக்’ என்று பொள்ளலாகக் கேட்டால் பின்னால் காற்று. பத்தில் ஒன்றுக்கு மேல் பொள்ளல் என்றால் உடைப்பதே சரி, ஏனென்றால் புதிய டைல்ஸின் எடையையும் சேர்த்து அந்தப் பழையதுதான் தாங்க வேண்டும். அடுப்புக்குப் பின்னால் வருஷக்கணக்கில் சாளை பொரித்த தேங்காய் எண்ணெய்ப் படலம் இருக்கும். அதைச் சலவைச் சோடாத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, கிரைண்டரால் கீறிவிட்டு, டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டுவதற்கென்றே வரும் பசையைப் பூச வேண்டும். சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) வேலைக்காகாது. பளபளப்பு மேற்பரப்பு நீரை உறிஞ்சாது, உறிஞ்சாத இடத்தில் சிமெண்ட் பிடிக்காது. சுவர் அரை அங்குலம் தடிக்கும் என்பதால் சுவிட்ச் பெட்டிக்கு நீள ஸ்க்ரூவும் குழாய்க்கு நீட்டிப்பும் வேண்டும், ஜன்னல் சட்டம் உள்வாங்கியும் தெரியும்.

இதைவிட முக்கியமானது சுவரின் ஈரம். ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை அடிக்கும் சுவரும், ஐப்பசி மழையில் ஊறும் சுவரும் நம் மாவட்டத்தில் உள்ளேயும் கசியும். ஓரடிச் சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் சுவர்ப்பக்கம் நீர்த்துளி இருந்தால் முதலில் வெளிப்பக்க வெடிப்பை அடைக்க வேண்டும். அதற்கு முன் டைல்ஸ் ஒட்டுவது பணத்தைச் சுவரில் கரைப்பதுதான். குளச்சல், முட்டம் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் கடற்கரை மணலையும் உப்புக் கிணற்று நீரையும் பூச்சில் சேர்க்கவே கூடாது. உப்பு பூத்து, இணைப்பு வழியே வெள்ளையாக வெளியே வரும்.

டைல்ஸ் எந்த வகை என்பதற்குப் பின்பக்கம் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். சட்டென்று உறிஞ்சினால் செராமிக். அப்படியே நின்றால் விட்ரிஃபைடு. செராமிக்கைச் சிமெண்டில் ஒட்டலாம், ஆனால் குமிழி வருவது நிற்கும்வரை நீரில் ஊறப்போட்டு, எடுத்து வடியவிட்ட பிறகுதான். ஊறாத டைல்ஸ் சிமெண்டின் நீரைக் குடித்துவிடும், சில மாதத்தில் கழன்று விழும். விட்ரிஃபைடுக்குப் பசைதான் வேண்டும். பசை என்றால் ஊறவைக்கக் கூடாது; பின்பக்கத் தூசியைத் துடைத்தால் போதும். இந்த இரண்டு முறையையும் குழப்பிக்கொள்வதால்தான் நிறைய இடத்தில் கெடுகிறது.

பசையைப் பல்கரண்டியால் சுவர் முழுக்க இழுத்துப் பூச வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அமுக்கினால் இடையில் பொள்ளல் நிற்கும். பின்னாளில் கொக்கி மாட்ட ட்ரில் போடும்போது டைல்ஸ் விரிசல் விடும், கரப்பானும் அங்கே குடியேறும். 20 கிலோ மூட்டை 40 முதல் 50 சதுர அடி வரும் என்பது சுவர் நேராக இருந்தால்தான். தூக்குக்குண்டு வைத்துப் பார்த்து 10 மி.மீ. கோணல் தெரிந்தால், அதைப் பசையால் நிரப்பாமல் பூச்சால் சரிசெய்வது மலிவு. புதிய பூச்சுக்கு ஏழு நாள் நீர் தெளித்து, நன்றாகக் காயவிட்டு ஒட்ட வேண்டும்.

ஒட்டும் முன்பே எலக்ட்ரீஷியன், பிளம்பர் வேலை முடிந்திருக்கட்டும். மேடை மட்டமாக இல்லாவிட்டால் இரண்டாம் வரிசைக்கு ஒரு ரீப்பர் (நேரான மரச் சட்டம்) அடித்து அதன் மேலிருந்து தொடங்கி, கீழ் வரிசையைக் கடைசியில் வெட்டிப் பொருத்துவார்கள். மேடைக் கல்லுக்கும் டைல்ஸுக்கும் இடையில் 3 மி.மீ. விட்டு அங்கே சிலிக்கான் அடைக்கச் சொல்லுங்கள். சிமெண்ட் வைத்தால் கல் லேசாக அசையும்போது விரிசல் விட்டு நீர் இறங்கும். மற்ற இணைப்புகளை 24 மணி நேரம் கழித்து அடைக்கலாம். மஞ்சளும் மீன்குழம்பும் தெறிக்கும் அடுப்புச் சுவருக்கு எபாக்சி நல்லது. அது இறுகுவதற்குள் துடைக்காவிட்டால் டைல்ஸ் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும், சிறு சிறு பகுதியாகத்தான் செய்ய வேண்டும்.

ஜன்னலைக் கழித்து அளப்பதா, கழிவை யார் அள்ளுவது, எபாக்சி அடங்குமா என்று மூன்று வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள், மிஞ்சும் நாலைந்து டைல்ஸைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஒட்டி முடிந்ததும், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு டைல்ஸையும் அதே சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகக் கேட்பதை இணைப்பு அடைக்கும் முன்பே கழற்றி ஒட்டச் சொன்னால் கூடுதல் செலவில்லை.