"எனக்கு வராதுப்பா" என்று மகள் சொன்னால்

சேலம் அம்மாபேட்டையில் தறி போட்டிருக்கும் அண்ணாவுக்கு,

ஓவியக் கல்லூரிக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்த மகள், பிளஸ் டூ பாதியில் அவளாகவே "எனக்கு வராதுப்பா, பி.காம் சேர்த்துவிடுங்க" என்கிறாள், பிரச்சினை தானாகத் தீர்ந்தது, அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். அவளுக்கு ஆசை போகவில்லை, பயம் வந்திருக்கிறது.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாட்டி தறிக்கு நூல் தார் சுற்றுகிற படத்தில் முகம் சரியாக வரவில்லை, உண்மைதான். ஆனால் அந்தக் கையைப் பாருங்கள், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நூலை இறுக்காமலும் நழுவவிடாமலும் பிடித்திருக்கிற பிடி, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத்தான் அது வரும். அவளுக்கோ முகம் மட்டும்தான் உறுத்துகிறது. வரைகிற பிள்ளைகள் பலருக்கும் இப்படி ஒரு கட்டம் வரும். நல்ல படம் எது என்று கண்ணுக்குப் பிடிபட்டிருக்கும், கை அந்த அளவுக்குப் பழகியிருக்காது. அந்த நேரம் பார்த்து இன்ஸ்டாகிராமில் அடுத்தவர் முடித்து வைத்த படங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் தன்னுடையதைக் கிழிக்கத்தான் தோன்றும்.

"சூப்பரா இருக்கு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள், நம்பமாட்டாள். "இது அப்படியே அம்மாயி கைதான் சாமி" என்று, எது நன்றாக வந்திருக்கிறதோ அதைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். விசேஷ வீட்டில் நாலு பேர் "படம் வரைஞ்சு என்ன சம்பாதிப்ப" என்று கேட்டால் பதிலை நீங்கள் சொல்லுங்கள், அவள் தலையில் கட்டாதீர்கள்.

சம்பாத்தியக் கவலை நியாயமானதுதான். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர்களே, மெழுகு வைத்துச் சாயம் போடுகிற பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் காலூன்றினார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, உங்கள் தறியில் துளை போட்ட ஜக்கார்டு அட்டையில் ஓடுகிற புட்டாப் பூவும் யாரோ கட்டம் போட்ட தாளில் வரைந்ததுதானே? இப்போது கம்ப்யூட்டரில் வரைகிறார்கள், ஆனாலும் வரையத் தெரிந்த ஆள் வேண்டும். கொலுசுப் பட்டறைக்கும் அதே கதைதான்.

படிப்புக்கு வருவோம். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, பி.எஃப்.ஏ. என்கிற கவின் கலைப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டு, அங்கேயே உட்கார்ந்து வரைந்து காட்டும் தேர்வு உண்டு. அரசுக் கல்லூரி என்பதால் செலவு தாங்கும். ஆடை வடிவமைப்புக்கான நிஃப்ட், பொதுவான டிசைன் படிப்புக்கான என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) இரண்டும் நல்ல இடங்கள், ஆனால் லட்சக்கணக்கில் ஆகும், நுழைவுத் தேர்வும் பொதுத் தேர்வுக்கு முன்னாலேயே வந்துவிடும், அதனால் விண்ணப்பத் தேதியை இந்த வாரமே பாருங்கள். ஊரைவிட்டு அனுப்பத் தயக்கமென்றால் நம் சேலத்திலேயே இந்தியக் கைத்தறி தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அது நெசவுத் தொழில்நுட்பப் படிப்பு, ஓவியப் படிப்பு இல்லை, இருந்தாலும் துணி டிசைன் பக்கம் போக நல்ல வழி.

அதுவரை தினமும் அரை மணி நேரம், வீட்டில் கண்ணில் படுகிற செம்பு, தறிக்கட்டை, செருப்பு எதையாவது நேரில் பார்த்து வரையட்டும், போட்டோவைப் பார்த்து வேண்டாம். பி.காமுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள், தப்பில்லை. முதலில் ஓவியத் தேர்வை எழுதிவிட்டு வரட்டும், அப்புறம் அவளோடு உட்கார்ந்து முடிவெடுங்கள்.