ஸ்மார்ட் சிட்டி சேவைகளை மக்கள் ஏற்கத் தயங்குவது ஏன்?

விழிப்புணர்வு போதவில்லை என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தெரியாததால் தயங்குபவர்களைவிட, தெரிந்ததால் தயங்குபவர்கள்தான் அதிகம் என்று தோன்றுகிறது. வேண்டாம் என்று சொல்ல வழி இருந்தால் பாதித் தயக்கம் போய்விடும்.

நெதர்லாந்தையே பாருங்கள். வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் மின்மீட்டரைக் கட்டாயமாக்க அரசு சட்டம் கொண்டுவந்தது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை மின்பயன்பாட்டைப் பதியும் மீட்டர் அது. அந்தக் கணக்கைக் கையில் வைத்திருப்பவருக்கு, அந்த வீட்டில் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எப்போது பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். எதிர்ப்பு வலுத்து, 2009இல் நாடாளுமன்ற மேலவை அந்தச் சட்டத்தை ஏற்க மறுத்தது. பிறகு திருத்தினார்கள்: மீட்டரே வேண்டாம் எனலாம், அல்லது மாட்டிக்கொண்டு, தொலைவிலிருந்து அளவெடுப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லலாம் என்று. 2015இல் பெரிய அளவில் பொருத்தத் தொடங்கினார்கள். பெரும்பாலான வீடுகள் மறுக்காமல் வாங்கிக்கொண்டன. அதே மீட்டர், அதே மக்கள்!

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமின் கதை கொஞ்சம் வேறு. நகருக்குள் வரும் வண்டிகளின் நம்பர் பிளேட்டைக் கேமரா படித்து நெரிசல் கட்டணம் போடும் திட்டம். ஆரம்பத்தில் பெரும்பான்மையோர் எதிர்த்தார்கள். 2006 ஜனவரியில் தொடங்கி ஜூலையில் முடிந்த சோதனை ஓட்டத்தில், கட்டண எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தன. செப்டம்பரில் வாக்கெடுப்பு நடத்தியபோது நகரவாசிகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்தார்கள். பலனைக் கண்ணால் பார்த்ததுதான் காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் முடியும் தேதியை முன்பே சொல்லி, வாக்கும் கேட்டார்கள் என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

ஏற்றுக்கொண்டதுபோல் தெரிவதெல்லாம் ஏற்பு இல்லை. அமெரிக்காவின் சான் டியேகோவில் மின்சாரம் மிச்சமாகும், போக்குவரத்துக் கணக்கு கிடைக்கும் என்று சொல்லி 2016இல் ஸ்மார்ட் தெருவிளக்குகளுக்கு ஒப்புதல் வாங்கினார்கள். அப்போது பெரிய சத்தமில்லை. அவற்றில் கேமராவும் இருந்தது. 2018 முதல் காவல்துறை அந்தப் பதிவுகளை எடுத்துப் பார்க்கத் தொடங்கியது. விஷயம் வெளியே வந்து எதிர்ப்பு கிளம்ப, 2020இல் மேயர் அந்தக் கேமராக்களை நிறுத்தச் சொல்லும்படி ஆயிற்று. முதலிலேயே சொல்லிக் கேட்டிருந்தால் ஒரு பகுதியினராவது ஒப்புக்கொண்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

அதனால்தான் 'எங்கள் செயலியை இத்தனை பேர் பதிவிறக்கியிருக்கிறார்கள்' என்று எந்த மாநகராட்சி பெருமைப்பட்டாலும், நேரில் பணம் கட்டும் கவுன்டர் இன்னும் திறந்திருக்கிறதா என்று கேட்கத் தோன்றுகிறது. அதை மூடிவிட்டு எடுத்த எண்ணிக்கையை நான் ஏற்பு என்று சொல்லமாட்டேன்.